குயில் கெட்டிக்காரப் பறவையா? விலங்கு அறிவும் இயற்கைத் தேர்வும்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது கொழும்பில் குயில் கூவத் தொடங்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் ஒரு மாமரம் போதும். அதில் காகக் கூடு இருக்கும், கூட்டுக்குக் கிட்ட குயிலும் இருக்கும். ஆண் குயில் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பெண் குயில் பழுப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. காகம் கூட்டைவிட்டு நகர்ந்த நேரம் பார்த்துப் பெண் குயில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் குஞ்சு காகக் குஞ்சுகளுக்கு முந்திப் பொரித்து, வாயைப் பிளந்து, வரும் தீனியில் முதல் பங்கை வாங்கிக்கொள்ளும். பிறகொரு நாள், மதிலில் நின்று சிறகடித்துக் கெஞ்சும் குயில் குஞ்சுக்குக் காகம் ஊட்டுவதைப் பார்ப்பவர்கள் "குயில் கெட்டிக்காரி, காகம் மடைச்சி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

தீர்ப்பு தலைகீழானது. இரண்டிலும் அறிவில் முந்தியது காகம்தான். குயில் செய்யும் வேலைக்கு அறிவு ஏறக்குறையத் தேவையே இல்லை. இது ஏன் என்று விளங்கிவிட்டால், "இவ்வளவு நுட்பமான உடல்களையும் தந்திரங்களையும் உண்டாக்கிய இயற்கைத் தேர்வுக்குள் ஏதாவது அறிவு இருக்கிறதா?" என்ற கேள்வியும் பாதி அவிழ்ந்துவிடும்.

அறிவை எப்படி அடையாளம் காண்பது

ஒரு செயல் எவ்வளவு நேர்த்தியானது என்பது அறிவுக்கு அளவுகோல் அல்ல. நிலைமையை மாற்றினால் செயலும் மாறுகிறதா என்பதையே விலங்கு நடத்தையை ஆராய்பவர்கள் பார்க்கிறார்கள்.

யன்னல் மூலையில் மண்கூடு கட்டும் குளவியை எடுத்துக்கொள்வோம். அறை அறையாகக் கட்டி, கொட்டி மயக்கிய சிலந்திகளை உள்ளே அடுக்கி, ஒரு முட்டையும் வைத்து, வாயை மண்ணால் பூசி மூடும். வேறு சில குளவிகள் சிலந்திக்குப் பதிலாகப் புழுவை வைக்கும். "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று பழமொழி கட்டியவர்கள் புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நடுவில் முட்டை பொரித்துப் புழுவைத் தின்றது மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை.

பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாப்ர் (1823–1915) இப்படிப்பட்ட மண்கூட்டுக் குளவி ஒன்றின் அறையிலிருந்து முட்டையையும் சிலந்தியையும் எடுத்துப் பார்த்தார். குளவி புதிய சிலந்திகளைக் கொண்டுவந்துகொண்டே இருந்தது. அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வெறும் அறையை அது ஒழுங்காகப் பூசி மூடிவிட்டுப் போனது. இன்னொரு தடவை, முடியும் தறுவாயிலிருந்த கூட்டையே சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தார். கூடு இருந்த வெற்றுச் சுவரில் குளவி மண் பூசிக்கொண்டிருந்தது. வேலை நேர்த்தியானது, ஆனால் வேலையின் நோக்கம் குளவியின் தலைக்குள் இல்லை. ஒரு படி முடிந்தால் அடுத்த படி, அவ்வளவுதான். இதை இயல்பூக்கம் என்கிறோம்.

அதற்கு மேற்பட்டது கற்றல். புரட்டாதிச் சனியில் சோறு வைத்துக் "கா கா" என்றதும் காகங்கள் வந்து குவிகின்றன. காகத்துக்குக் கிழமை தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. தட்டுச் சத்தம், நேரம், மாடியில் தெரியும் ஆள் ஆகியவற்றைச் சோற்றோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. இந்த நினைவு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டிலில் 2006இல் தொடங்கிய பரிசோதனை சாட்சி. குகைமனிதன் முகமூடி அணிந்தவர்கள் ஏழு காகங்களைப் பிடித்து அடையாள வளையம் மாட்டிவிட்டார்கள். அதன்பின் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் திட்டித் தீர்த்தன. வேறு முகமூடியை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. ஆண்டுகள் போனபின்னும், பிடிபடாத காகங்கள்கூடத் திட்டலில் சேர்ந்துகொண்டன.

கற்றலுக்கும் மேலே, காரணத்தைப் பிடித்துக்கொள்ளும் அறிவு இருக்கிறது. பாலர் வகுப்பில் எல்லோரும் கேட்ட காகமும் குடமும் கதையை 2009இல் கேம்பிரிட்ஜில் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ரூக் என்ற ஐரோப்பியக் காக இனத்துக்கு முன்னால் தண்ணீர்க் குழாய், அதில் மிதக்கும் புழு, பக்கத்தில் கற்கள். பறவைகள் கல்லைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்திப் புழுவை எடுத்தன. பசிபிக்கிலுள்ள நியூ கலிடோனியத் தீவுக் காகங்களை வைத்து 2014இல் வெளிவந்த ஆய்வு இன்னும் கறாரானது. மிதக்கும் பொருளை விட்டு மூழ்கும் பொருளை எடுத்தன. உள்ளீடற்றதை விட்டுத் திண்மமானதை எடுத்தன. மணல் குழாயை விட்டுத் தண்ணீர்க் குழாயைத் தெரிவு செய்தன. ஆனால் அகலக் குழாயா ஒடுங்கிய குழாயா என்பதில் தவறின. இரண்டு குழாய்கள் மறைவாக அடியில் இணைந்திருந்தபோதும் தவறின. எங்கே தோற்றன என்பதையும் சொல்லும் ஆய்வுதான் நம்பத்தக்கது. காகத்தின் அறிவு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று அந்தத் தோல்விகள்தான் காட்டுகின்றன.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 2002இல் ஒக்ஸ்போர்டில் பெட்டி என்ற நியூ கலிடோனியக் காகம் நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து உணவு வாளியைத் தூக்கியது. பத்துக்கு ஒன்பது தடவை வெற்றி. அந்த நொடியில் பிறந்த கண்டுபிடிப்பு என்று உலகமே மெச்சியது. 2016இல், அதே இனக் காகங்கள் காட்டிலும் குச்சிகளை இப்படி வளைப்பது வழக்கம் என்று தெரியவந்தது. பெட்டி கெட்டிக்காரி என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்தச் செயலில் எவ்வளவு புதுச் சிந்தனை, எவ்வளவு பிறவிப் பழக்கம் என்ற கணக்கு மாறிவிட்டது.

இப்போது குயிலுக்குத் திரும்புவோம். காகக் கூட்டில் வளரும் பெண் குயிலுக்கு முட்டையிடும் வித்தையைச் சொல்லிக்கொடுக்க அங்கே யாருமில்லை. ஐரோப்பியக் குயிலில் இது இன்னும் வெளிச்சம். பொரித்துச் சில மணி நேரமான, கண் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சு கூட்டிலுள்ள மற்ற முட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றி வெளியே உருட்டிவிடுகிறது. (நம்முடைய குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை.) கண் திறக்காத அந்தக் குஞ்சு திட்டம் போட்டது என்று யார் சொல்வார்? தந்திரம் இருக்கிறது, தந்திரசாலி இல்லை. அப்படியானால் தந்திரம் எங்கிருந்து வந்தது?

நுளம்பு சொல்லித்தரும் கணக்கு

இயற்கைத் தேர்வுக்கு மூன்றே நிபந்தனைகள். ஓர் இனத்தின் உயிர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. அந்த வேறுபாடு பிள்ளைகளுக்குக் கடத்தப்பட வேண்டும். வேறுபாட்டைப் பொறுத்து, பிழைத்துப் பெருகும் எண்ணிக்கை கூடிக் குறைய வேண்டும். மூன்றும் இருந்தால் காலப்போக்கில் அந்த இனம் மாறியே தீரும். நம் பாடசாலைப் புத்தகங்கள் இந்த மாற்றத்தைக் கூர்ப்பு என்கின்றன. தமிழ்நாட்டில் பரிணாமம் என்பார்கள்.

கணக்காகப் பார்ப்போம். 1,000 நுளம்புகள். அவற்றில் 10இன் உடலில், பூச்சிநாசினியைச் சிதைக்கும் ஒரு நொதியம் அதிகமாகச் சுரக்கிறது. மருந்து அடிக்கிறோம். சாதாரண நுளம்பில் 100க்கு 90 சாகும், நொதியம் உள்ளதில் 100க்கு 10 சாகும் என்று வைத்துக்கொள்வோம். 990 சாதாரண நுளம்புகளில் 99 மிஞ்சும். நொதியம் உள்ள 10இல் 9 மிஞ்சும். முன்பு 1 சதவீதமாக இருந்தவை இப்போது 108க்கு 9, அதாவது 8 சதவீதம். மிஞ்சியவை பெருகி மறுபடி 1,000 ஆகின்றன. பிள்ளைகள் பெற்றோரைப் போலவே இருக்கும் என்று எளிமைக்காகக் கொள்வோம். இரண்டாம் தடவை மருந்து அடித்தால் 45 சதவீதம். மூன்றாம் தடவை 88 சதவீதம். நான்காம் தடவை புகையடிக்கும்போது "மருந்து சரியில்லை" என்ற முறைப்பாடு வரும்.

இந்தக் கணக்கில் எந்த நுளம்பும் எதையும் கற்கவில்லை. மருந்துக்குப் பழகிக்கொள்ளவும் இல்லை. "நுளம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்பது நம் பேச்சு வழக்கு, நடந்தது அதுவல்ல. தாங்காதவை செத்துவிட்டன, பிறவியிலேயே தாங்கியவை பெருகிவிட்டன. நொதியமும் மருந்தைப் பார்த்து உண்டானது அல்ல. பரம்பரை அலகில் குருட்டாம்போக்கில் நேர்ந்த பிழைகளில் ஒன்று, மருந்து வருவதற்கு முன்பே சில நுளம்புகளில் கிடந்தது. மருந்து இல்லாவிட்டால் அது வெறும் வீண் செலவாகவே கிடந்திருக்கும்.

இலங்கைக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. டி.டி.டி. என்ற பூச்சிநாசினியைத் தெளித்ததால் 1963இல் நாடு முழுவதும் மலேரியா 17 பேருக்கு என்ற அளவுக்கு இறங்கியது. கண்காணிப்புத் தளர்ந்து தெளிப்பு நின்றதும் 1960களின் கடைசியில் நோய் பெருவெள்ளமாகத் திரும்பியது. மறுபடி தெளிக்கப் போனபோது நுளம்பு டி.டி.டி.யைத் தாங்கத் தொடங்கியிருந்தது. 1970களில் மலத்தியன் என்ற வேறொரு பூச்சிநாசினிக்கு மாறினார்கள். பின்னர் அதையும் தாங்கும் நுளம்புகள் பெருகின. மருந்துகளை மாற்றிமாற்றியும், நோயாளரைத் தேடித்தேடிக் குணப்படுத்தியும்தான் 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. ஒரு பக்கம் மனித அறிவு, மறு பக்கம் மூளை எதுவும் இல்லாத ஒரு வடிகட்டல். பல ஆண்டுகள் அந்த வடிகட்டல் முந்தியே ஓடியது.

குழப்பத்தில் பாதி "தேர்வு" என்ற சொல்லில் இருக்கிறது. தேர்வு என்றால் தேர்பவர் ஒருவர் வேண்டுமே என்று காது கேட்கிறது. இந்தக் கொள்கையை நூலாக எழுதியவர் டார்வின். அதைத் தனியாகக் கண்டடைந்த வாலஸ் 1866 ஜூலையில் டார்வினுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொன்னார்: இயற்கை உட்கார்ந்து தெரிவு செய்கிறது என்று வாசகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், தத்துவவாதி ஸ்பென்சரின் "தக்கன பிழைத்தல்" என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். டார்வினும் 1869இல் தம் "உயிரினங்களின் தோற்றம்" நூலின் ஐந்தாம் பதிப்பில் அதைச் சேர்த்தார். பலன், ஒரு குழப்பம் போய் இன்னொன்று வந்தது. "தக்கன" என்பதை "பலசாலி" என்று வாசித்தார்கள். 88 சதவீதமான நுளம்பு பலசாலி அல்ல. அந்த மருந்துக்கு, அந்தக் காலத்துக்குத் தக்கது.

அரிதட்டில் மா அரிப்பதை உவமையாகச் சொல்லலாம். கப்பி மேலே நிற்கும், மா கீழே விழும், அரிதட்டுக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஒரு தடவை அரித்தால் அரித்ததோடு சரி. உயிரில், மிஞ்சியது பெருகி, பெருகியதில் புதுப் பிழைகள் சேர்ந்து, மறுபடி அரிபடுகிறது. குயிலின் தந்திரம் இப்படி எண்ணற்ற தடவை அரிபட்டுச் சேர்ந்தது.

முன்யோசனை இல்லாததற்கு அடையாளம்

அறிவுள்ள மேசன் அத்திவாரம் போடும்போதே மேல் மாடியை நினைப்பார். இயற்கைத் தேர்வால் அது முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் அந்த நேரத்தில் பிழைத்தால்தான் அடுத்த தலைமுறை. இடையில் இடித்துக் கட்ட வழியில்லை.

இதற்கான சான்று உங்கள் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வெள்ளைக் கடதாசியில் இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறி, அதிலிருந்து வலப்பக்கம் 8 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் சிலுவையை மட்டும் பாருங்கள். கடதாசியை ஒன்றரை அடித் தூரத்திலிருந்து மெதுவாக முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால், ஏறக்குறைய 30 சென்ரிமீற்றரில் புள்ளி காணாமல் போகும். போகவில்லை என்றால் பெரும்பாலும் பார்வை புள்ளிக்கு ஓடியிருக்கும், அல்லது கடதாசி சரிந்திருக்கும். நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளி வரும் பக்கமாக, முன்னால் ஓடுகின்றன. அவை மூளைக்குப் போக விழித்திரையைத் துளைத்தே ஆக வேண்டும். அந்தத் துளையில் பார்வை இல்லை. கணவாய்க் குடும்பத்துச் சாக்குக் கணவாயின் கண்ணில் நரம்பிழைகள் பின்பக்கமாக ஓடுவதால் இந்தக் குருட்டுப் புள்ளி இல்லை. நல்ல வரைபடம் இயற்கையிலேயே இருந்தும், நம் பரம்பரை வேறு வழியில் தொடங்கிவிட்டதால் திரும்பிப் போய் மாற்ற முடியவில்லை.

ஆனாலும் அறிவு உள்ளே நுழையும் வாசல் உண்டு

"தேர்வில் அறிவே இல்லை" என்று கதவைச் சாத்திவிடுவதும் அவசரம். தேர்வு முறைக்கு அறிவு இல்லை. ஆனால் அரிதட்டாக நிற்பது சில வேளைகளில் இன்னொரு விலங்கின் மூளை.

ஐரோப்பியக் குயிலை வைத்து நிக் டேவிஸும் மைக்கேல் புரூக்கும் 1980களில் இங்கிலாந்தில் செய்த பரிசோதனை இதற்கு மிக அழகான சான்று. நாணல் காட்டில் வாழும் ஒரு குருவியின் கூட்டில் வேறு நிறம் பூசிய போலி முட்டைகளை வைத்தார்கள். குருவி பெரும்பாலும் அவற்றை ஏற்கவில்லை. தன் முட்டையைப் போலவே நிறம் பூசியதை ஏற்றுக்கொண்டது. அந்தக் குருவியை ஏய்க்கும் குயில்களின் முட்டை அதன் முட்டையைப் போலவே இருக்கிறது. டன்னக் என்ற இன்னொரு குருவி எந்த நிறப் போலியையும் ஏற்று அடைகாத்தது. அதன் முட்டை நல்ல நீலம், ஆனால் அதை ஏய்க்கும் குயிலின் முட்டை நீலமாக மாறவே இல்லை. கூர்ந்து பார்க்கும் கண் இருக்கும் இடத்தில்தான் வேடம் கச்சிதமாகியது. குயில் முட்டைக்கு வர்ணம் தீட்டியது ஏமாறுகிறவரின் கண் என்றே சொல்லலாம்.

பெண் மயில் தோகையைப் பார்த்து ஆணைத் தெரிவு செய்வதும் இந்த வகை. டார்வின் 1871இல் இதற்குத் தனி விளக்கமே எழுதினார். மனிதர் மாடு வளர்த்துப் பால் குடிக்கத் தொடங்கியதும் இப்படித்தான்: பழக்கம் முதலில் வந்தது, வளர்ந்த பின்னும் பாலைச் செரிக்க வைக்கும் பரம்பரை அலகு பின்னால் பரவியது. வட ஐரோப்பாவில் ஒரு மாற்றம், கிழக்கு ஆபிரிக்காவில் வேறொரு மாற்றம், பலன் ஒன்றுதான்.

கூர்ப்பே ஒரு வகைக் கற்றல் அல்லவா என்று கேட்கும் ஆய்வாளர்களும் உண்டு. வாட்சன், சத்மாரி இருவரும் 2016இல் அப்படி ஒரு ஒப்பீட்டை முன்வைத்தார்கள். முயன்று, தவறி, பலித்ததைப் பரம்பரை அலகில் "நினைவு" வைப்பதால், கற்றலின் கணிதம் இங்கும் பொருந்துகிறது என்பது வாதம். கணிதம் பொருந்தட்டும். ஆனால் காகம் கல்லைப் போடுமுன் எந்தக் கல் என்று பார்க்கிறது. கூர்ப்பு எல்லாக் கற்களையும் போட்டுப் பார்த்து, பலித்ததை வைத்துக்கொள்கிறது. இந்த வித்தியாசத்தை மறைக்கும் எந்த ஒப்பீடும் தொடக்கநிலை வாசகருக்கு உதவாது.

அறிவு நல்லதென்றால் எல்லா உயிருக்கும் ஏன் இல்லை

செலவு அதிகம். மனித மூளை உடல் எடையில் 2 சதவீதம், சக்திச் செலவில் 20 சதவீதம். கொழும்புக் கான்களில் நுளம்புக் குடம்பியைத் தின்ன விட்டிருக்கும் கப்பி மீனைத் தெரியும்தானே. சுவீடனில் ஆய்வாளர்கள் அதே இனத்தில் பெரிய மூளை உள்ளவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கினார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. இரண்டே தலைமுறையில், சிறு மூளைப் பரம்பரையைவிட இவற்றின் மூளை 9 சதவீதம் பெரிதாகிவிட்டது. பெண் மீன்கள் எண்ணிக்கையை வேறுபடுத்தும் சோதனையில் முந்தின. கூடவே குடல் சிறுத்தது, ஈனும் குட்டிகள் குறைந்தன. கானில் குட்டி எண்ணிக்கைதான் முக்கியமென்றால் அங்கே மொக்கு மீன் வெல்லும். பாறையில் ஒட்டி வாழும் அசிடியன் என்ற கடலுயிர் இன்னும் ஒரு படி போகிறது. நீந்தித் திரியும் குடம்பிப் பருவத்தில் அதற்கு மூளை இருக்கிறது. இடம் பார்த்து ஒட்டியதும் அதில் பெரும்பகுதியைக் கரைத்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரு சிறு நரம்புத் திரள்.

மாடியில் ஒரு சிறு பரிசோதனை

இவ்வளவையும் வாசித்தபின் மாடிக் காகத்தைச் சோதிக்க ஆசை வந்தால், முறையாகச் செய்யலாம். இரண்டு சிரட்டை எடுங்கள். கடதாசிக் கோப்பை கடற்காற்றில் பறந்துவிடும். இரண்டும் கண் இல்லாத பாதியாக இருக்க வேண்டும். ஒன்றில் கண் இருந்தால் காகம் அதையே அடையாளமாகப் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் மேல் சோக்கால் பெரிய வெள்ளைக் குறி போடுங்கள். புதுப் பொருள் என்றால் காகம் கிட்ட வராது. ஆகவே முதல் நான்கைந்து நாள் சிரட்டைகளை மல்லாத்தி, உள்ளே சோறு வைத்துப் பழக்குங்கள். பிறகு பாதி கவிழ்த்து, பிறகு முழுக்கக் கவிழ்த்து.

சோதனையில் சோறு எப்போதும் குறி போட்ட சிரட்டைக்கு அடியில். அது இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள், ஆனால் ஒரே பக்கம் மூன்று தடவைக்கு மேல் தொடர விடாதீர்கள். மணத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்காமலிருக்க இரண்டு சிரட்டையின் உட்பக்கமும் சோற்றைத் தேய்த்துவிடுங்கள். சோறு வைப்பவர் ஒருவர், திரைக்குப் பின்னாலிருந்து எதை முதலில் தொடுகிறது என்று குறிப்பவர் வேறொருவர். குறிப்பவருக்குச் சோறு எங்கே என்று தெரியக்கூடாது. இது வீண் கெடுபிடி அல்ல. பேர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கூட்டல் கழித்தல் செய்தது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது அதற்கும் தெரியவில்லை என்று 1907இல் உளவியலாளர் பூங்ஸ்ட் காட்டினார். கேட்பவர் தம்மை அறியாமல் தலையை அசைத்ததைத்தான் குதிரை படித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஐந்து நாள், மொத்தம் 20. வெறும் அதிர்ஷ்டத்தில் சராசரியாக 10 தடவை சரியாக வரும். 15 அல்லது அதற்கு மேல் அதிர்ஷ்டத்தால் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 2 சதவீதம்தான். காகம் 15ஐ எட்டினால், சோற்றைக் குறி இல்லாத சிரட்டைக்கு மாற்றி, எத்தனை தடவையில் மாறிக்கொள்கிறது என்று எண்ணுங்கள். குளவிக்கும் காகத்துக்கும் உள்ள தூரம் அந்த எண்ணிக்கையில் தெரியும். ஒரே காகம்தான் வருகிறது என்று அடையாளம் வைக்க முடியாவிட்டால், சோதித்தது ஒரு கூட்டத்தை என்றே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து மரத்தில் குஞ்சு இருக்கும் மாதங்களில் காகம் தலையில் கொத்தும், அப்போது தொடங்க வேண்டாம். புரட்டாதிச் சனிக்கிழமைகளிலும் வேண்டாம். அன்று எல்லா மாடியிலும் சோறு, எந்தக் காகத்துக்கும் பசி இருக்காது.